வைர மோதிரம்: கல்லைப் பார்க்கிறதுக்கு முன்னாடி கையைப் பாருங்க

1/
தை பிறந்தாச்சுன்னா முகூர்த்தம் வரிசை கட்டி வரும். சுகர், பிரஷர், முட்டிவலி கேள்விகளுக்கு நடுவுல இப்போ இன்பாக்ஸ்ல புதுசா ஒண்ணு: "டாக்டர், நிச்சயத்துக்கு வைர மோதிரம் எடுக்கோம். எந்த செட்டிங் நல்லது?"

நகைக்கடையில கேட்க வேண்டியதை டாக்டர்கிட்ட ஏன் கேக்காங்கன்னு சிரிக்காதீங்க. மோதிரம் வாங்கும்போது பக்கத்துல நிக்கிறது கடைக்காரர். அது கழல மாட்டேங்குதுன்னு ராத்திரி 2 மணிக்கு கேஷுவல்டிக்கு வரும்போது பக்கத்துல நிக்கிறது நாங்க. அதனால எங்க பக்கத்தையும் ஒரு தடவை கேட்டுட்டுப் போங்க. கொஞ்சம் நீளமான த்ரெட்தான்.

2/
செட்டிங்னா கல்லை மோதிரத்துல எப்படிப் பதிச்சிருக்காங்கங்கிறது. எவ்வளவு உயரத்துல நிக்குது, எது அதைப் பிடிச்சிருக்கு, பின்பக்கம் திறந்திருக்கா மூடியிருக்கா. கடையில முக்கால்வாசி நேரம் கல்லைப் பத்தித்தான் பேச்சு ஓடும்: எத்தனை கேரட், என்ன கலர், சர்டிபிகேட் இருக்கா. ஆனா கல்லு அழகைத் தீர்மானிக்கும். அந்த மோதிரத்தோட இருபது முப்பது வருஷம் நிம்மதியா வாழ முடியுமாங்கிறதை செட்டிங்தான் தீர்மானிக்கும்.

3/
பாளையங்கோட்டையில எங்க ஆச்சி தலைமுறைக்கு வைரம்னா காதும் மூக்கும்தான். ஏழு கல் தோடு, மூக்குத்தி, வசதி இருந்தா எட்டுக் கல் பேசரி. 'ப்ளூ ஜாகர்'னு ஒரு பேரு இன்னைக்கும் பெரியவங்க வாயில வரும். தென்னாப்பிரிக்காவுல ஜாகர்ஸ்ஃபொன்டெய்ன் சுரங்கத்துக் கல்லை வச்சு வந்த பேரு. வெயில்ல லேசா நீலம் அடிக்கிற வெள்ளைக் கல்லுக்கு அப்படிச் சொல்லுவாங்க.

கல்லைப் பார்க்கிற கண்ணு நமக்குப் புதுசில்ல. சிலப்பதிகாரம் ஊர்காண் காதையில மதுரை ரத்தினக் கடைத்தெருவைச் சொல்லும்போதே, வைரத்துல என்னென்ன குற்றம் இருக்கக்கூடாதுன்னு பட்டியல் வந்துருது.

4/
ஆனா ஒண்ணு கவனிச்சீங்களா? காதும் மூக்கும் வேலை செய்யாத உறுப்பு. சட்டி கழுவாது, பைக் ஓட்டாது, கயிறு பிடிக்காது. தோட்டுல கல்லைச் சுத்தித் தங்கம், பின்னால தகடு போட்டு மூடின க்ளோஸ்டு செட்டிங். ஆச்சி காதுல ஏறினது பேத்தி காது வரைக்கும் அப்படியே வந்துச்சு.

வைரம் விரலுக்கு இறங்கினது நம்ம ஊர்ல ரொம்பப் பிந்தி. கிறிஸ்தவ வீடுகள்ல மோதிரம் மாத்துறது முன்னமே உண்டு. மத்த வீடுகள்ல நிச்சயதாம்பூலம்னா வெத்தலை பாக்குத் தட்டு மாத்துறதுதான். இப்போ எல்லா வீட்லயும் மேடை, கேமரா, மோதிரம். கல்லைத் தேர்ந்தெடுக்கிற பழக்கம் நமக்கு இருக்கு. வேலை செய்யுற கைக்குச் செட்டிங் தேர்ந்தெடுக்கிற பழக்கம் இன்னும் வரல.

5/
கடையில 'என்கேஜ்மென்ட் ரிங்'னு கேட்டா முதல்ல எடுத்து வைக்கிறது சாலிடர்: ஒத்தைக் கல்லு, நாலோ ஆறோ நகம் அதைத் தூக்கிப் பிடிச்சிருக்கும். இந்த வடிவம் பிரபலமானது 1886-ல, நியூயார்க் டிஃபனி கடை கொண்டுவந்த ஆறு நகம் வச்ச செட்டிங்கால. கல்லை வளையத்துக்கு மேல தூக்கி நிறுத்தணும், தங்கம் கண்ணுல படக்கூடாது, கல்லு மட்டும் தெரியணும். அதுதான் யோசனை. 1947-க்கு அப்புறம் டி பியர்ஸ் விளம்பரம் அதை உலகம் பூரா கொண்டு போச்சு.

அழகு, மறுக்கல. ஆனா அந்த உயரம் சும்மா வரல. அதுக்கு ஒரு விலை இருக்கு.

6/
இதை நான் உக்காந்து யோசிச்சது எங்க அக்கா மகளுக்கு நிச்சயம் பேசினப்போ. அவ கால்நடை மருத்துவர். தாமிரபரணிக் கரையோரம் ஒரு ஊர்ல கால்நடை மருந்தகத்துல வேலை. காலையில சினை ஊசி, மதியம் மடிவீக்கம், சாயங்காலம் எங்கயாவது கன்னு தலை திரும்பி மாட்டிக்கிட்டுன்னு போன் வரும். கயிறு கட்டி இழுத்து எடுக்கணும். அவ கை பாதி நேரம் தோள் வரைக்கும் உறைக்குள்ள, மீதி நேரம் மூக்கணாங்கயித்துல.

மாப்பிள்ளை வீட்ல நல்ல மனுஷங்க. ஆசையா ஒரு டிசைன் பார்த்து வாட்சப்ல அனுப்பியிருந்தாங்க. உயரமான நாலு நகத்துல ஒத்தைக் கல்லு, அதைச் சுத்திப் பொடிக் கல்லு, வளையம் முழுக்கப் பொடிக் கல்லு.

7/
அக்கா எனக்குப் போன் போட்டா. "ஏ தம்பி, இவ மூஞ்சி சரியில்ல. ஏன்னு கேட்டா ஒண்ணுமில்லங்கா. அவங்க அவ்வளவு செலவு பண்ணி எடுக்காங்க. நாம போய் அது வேண்டாம், இது வேண்டாம்னு சொன்னா என்ன நினைப்பாங்க?"

நான் பிள்ளைகிட்டப் பேசினேன். "மாமா, மோதிரம் நல்லாத்தான் இருக்கு. ஆனா அதைப் போட்டுக்கிட்டு ஒரு மாட்டைக்கூட பிடிக்க முடியாது. கழட்டி வச்சா, 'ஏன் போடல'ன்னு கேப்பாங்க. கல்யாணத்துக்கு முன்னாடியே அந்தப் பேச்சு வேண்டாம்னுதான் சும்மா இருக்கேன்."

பிரச்சினை மோதிரத்துல மட்டும் இல்ல, பாத்தீங்களா. இந்தக் கை இனிமேயும் இந்த வேலையைச் செய்யுமாங்கிற கேள்வியும் அதுக்குள்ள இருக்கு. அதை யாரும் வாயைத் திறந்து கேக்கல. அவ்வளவுதான்.

8/
இப்போ மருத்துவப் பக்கம். 'ரிங் அவல்ஷன்'னு ஒரு காயம் உண்டு. மோதிரம் எதுலயாவது மாட்டிக்கிட்டு, உடம்போட எடை அல்லது ஒரு இழுப்பு அந்த ஒத்தை விரல்ல விழும். கேட்டு தாண்டிக் குதிக்கும்போது, லாரியில இருந்து இறங்கும்போது, கயித்தை மாடு வெடுக்குனு இழுக்கும்போது. தோலு உறை மாதிரி உரிஞ்சு வரும், ரத்தக்குழாய் அறுந்துரும்.

1981-ல உர்பானியாக்ங்கிற கை அறுவை நிபுணர் இதை மூணு வகையாப் பிரிச்சார்: ரத்த ஓட்டம் தப்பிச்சது, ரத்த ஓட்டம் போனது, தோல் முழுசா உரிஞ்சது அல்லது விரலே போனது. மூணாவது வகையில பல தடவை விரலைக் காப்பாத்த முடியாது.

9/
இது ஏதோ ஃபேக்டரி விபத்துன்னு நினைக்காதீங்க. அமெரிக்க டிவி தொகுப்பாளர் ஜிம்மி ஃபாலன் 2015-ல தன் வீட்டுக்குள்ள தடுக்கி விழுந்தார். கல்யாண மோதிரம் மாட்டிக்கிச்சு. ஆறு மணி நேரம் நுண்ணறுவை சிகிச்சை, பத்து நாள் ஐசியூ. அவருக்கு விரல் தப்பிச்சது.

எந்த மோதிரமும் மாட்டலாம், கல்லே இல்லாத வளையம்கூட. ஆனா உயரமா நீட்டிக்கிட்டு இருக்கிறது சேலையில, முடியில, கையுறையில, கயித்துல அடிக்கடி சிக்கும். கேஷுவல்டி வரைக்கும் வராத சின்னச் சிக்கல்கள் இதைவிடப் பல மடங்கு. கைக்குழந்தை கன்னத்துல ஒரு கீறல், நகம் வளைஞ்சு கல்லு எங்க போச்சுன்னே தெரியாம ஒரு தேடல்.

10/
இதைவிட நாங்க அதிகமாப் பார்க்கிறது வீக்கம். கர்ப்பத்தோட கடைசி மூணு மாசம், மணிக்கட்டு எலும்பு முறிவு, தீக்காயம், குளவி கொட்டு. நம்ம பக்கம் வயல் வேலையில பாம்புக்கடி. கண்ணாடி விரியன் கையில கடிச்சா வீக்கம் மளமளன்னு ஏறும். அதனாலதான் முதலுதவியிலயே மோதிரம், வளையல், கொலுசு எல்லாத்தையும் உடனே கழட்டச் சொல்றோம். வீங்கினதுக்கு அப்புறம் மோதிரம் ஒரு சுருக்குக் கயிறு. முதல்ல ரத்தம் திரும்பிப் போற வழியை அடைக்கும், வீக்கம் இன்னும் ஏறும், அப்புறம் ரத்தம் உள்ளே வர்ற வழியும் அடைபடும்.

11/
எப்படிக் கழட்டுறோம்? கையைத் தூக்கி வச்சு, குளிர்ந்த தண்ணி, வழுக்குற ஜெல். அடுத்து நூல். ஒரு முனையை மோதிரத்துக்கு அடியில நுழைச்சு, மறுமுனையால முன்னால இருக்கிற விரலை நெருக்கமாச் சுத்திக்கிட்டே முட்டியைத் தாண்டுவோம். வீக்கம் அமுங்கும். அப்புறம் அடியில நுழைச்ச முனையைப் பிடிச்சுச் சுத்தைப் பிரிச்சா மோதிரம் கூடவே நகர்ந்து வரும். விரல்ல காயமோ முறிவோ இருந்தா இதைச் செய்யக்கூடாது.

அதுவும் முடியலன்னா ரிங் கட்டர். சின்னப் பல்சக்கரம், விரலைக் காக்க அடியில ஒரு தகடு. தங்கம் சுலபமா அறும். டைட்டானியம் கஷ்டம். டங்ஸ்டன் கார்பைடு அறாது, இடுக்கி வச்சு நெரிச்சு உடைக்கணும்.

12/
இப்போ புரியும், வளையம் முழுக்கக் கல்லு பதிச்ச மோதிரத்தைப் பார்த்தா எனக்கு ஏன் வயிறு கலங்குதுன்னு. கட்டர் சக்கரம் வைரத்தை அறுக்காது. கல்லுக்கும் கல்லுக்கும் நடுவுல இடம் தேடணும், அந்தப் பக்கம் விரல் நீலமாகிட்டு இருக்கும். அவசரம் இல்லாத நாள்லயும் இதுல சங்கடம்தான்: விரல் தடிச்சா மோதிரத்தைப் பெருசாக்க முடியாது.

அதனால முதல் விதி: உள்ளங்கைப் பக்கம், வளையத்துல பாதியாவது வெறும் தங்கமா இருக்கட்டும். அறுக்கவும் இடம், பெருசாக்கவும் இடம். மேல இருந்து பார்த்தா வித்தியாசமே தெரியாது.

13/
செட்டிங்கை ஒவ்வொண்ணாக் கையோட கண்ணுல பாருங்க.

நகம் (ப்ராங்): கல்லு நல்லாத் தெரியும், சுத்தம் பண்ண சுலபம், ஆனா சிக்கும். நாலு நகத்துல ஒண்ணு போனா கல்லு ஆடும், ஆறு இருந்தா கொஞ்சம் தெம்பு. நகம்தான் பிடிக்கும்னா வளையத்தை ஒட்டித் தாழ்வா உக்காருற மாதிரி கேளுங்க.

பெசல்: கல்லைச் சுத்தி ஒரு தங்கக் கரை. நம்ம தோட்டுச் செட்டிங்குக்குச் சொந்தக்காரன், பின்பக்கம் மட்டும் திறந்திருக்கும். சிக்காது, கல்லோட விளிம்புக்கும் காவல்.

ஃப்ளஷ்: கல்லு வளையத்துக்குள்ளயே புதைஞ்சிருக்கும். இருக்கிறதுலயே தாழ்வு.

14/
சேனல்: ரெண்டு தங்கச் சுவருக்கு நடுவுல வரிசையாக் கல்லு. சிக்காது, ஆனா அளவு மாத்துறது கஷ்டம்.

பேவ், ஹாலோ: பொடிக் கல்லு நிறைய, பிடிக்கிற தங்க மணி ரொம்பச் சின்னது. கை அடிக்கடி இடிபடுற வேலைன்னா ஒண்ணு ரெண்டு உதிரும்.

டென்ஷன்: ரெண்டு பக்க அழுத்தத்துலயே கல்லு நிக்கும். பார்க்க மாயம் மாதிரி இருக்கும். அளவு மாத்துறது பெரும்பாடு.

கதீட்ரல்: ரெண்டு பக்கமும் வளைவு ஏறிக் கல்லைத் தாங்கும். அழகுதான், பொதுவா உயரமும்தான்.

15/
"வைரம்தான் உலகத்துலயே கடினமாச்சே, அதுக்கு எதுக்குக் காவல்?" கேப்பீங்க. கடினம்னா கீறல் விழாது. உடையாதுன்னு அர்த்தம் இல்ல. வைரத்துக்குள்ள சில திசைகள்ல பிளவு சுலபம், பட்டை தீட்டுறவங்க காலங்காலமா அதை வச்சுத்தான் கல்லைப் பிளந்தாங்க. சதுரமான பிரின்சஸ், கூர்முனை உள்ள மார்க்கீஸ், பேர் மாதிரிக் கல்லுக்கு முனையில அடி பட்டா சில்லு தெறிக்கும். முனையை மூடிப் பிடிக்கிற செட்டிங் வேணும். வேலை செய்யுற கைக்கு வட்டக் கல்லு நிம்மதி.

16/
"பெசல் போட்டா கீழே இருந்து வெளிச்சம் வராது, ஜொலிப்பு செத்துரும்." இதைக் கடையிலயே சொல்லுவாங்க. நல்லாப் பட்டை தீட்டின வட்டக் கல்லுல வெளிச்சம் மேல இருந்து நுழைஞ்சு, அடியில ரெண்டு தடவை எதிரொலிச்சு, மறுபடி மேலேயே வரும். பிளஸ் டூ இயற்பியல்ல படிச்ச முழு அக எதிரொளிப்புதான். வைரத்தோட ஒளிவிலகல் எண் 2.42, மாறுநிலைக் கோணம் சுமார் 24 டிகிரி. ஜொலிப்பு பட்டை தீட்டினதுல இருக்கு, காலுக்கடியில வர்ற வெளிச்சத்துல இல்ல.

17/
அப்போ பின்பக்கம் எதுக்குத் திறந்திருக்கணும்? கழுவ. வைரத்துல தண்ணி ஒட்டாது, எண்ணெய் ஒட்டும். 19-ம் நூற்றாண்டு கடைசியில கிம்பர்லி சுரங்கத்துல கிரீஸ் பூசின மேஜை மேல கல்லும் தண்ணியுமா ஓட விட்டாங்க. மத்த கல்லு எல்லாம் ஓடிரும், வைரம் மட்டும் கிரீஸ்ல ஒட்டிக்கும். இப்போ தேங்காய் எண்ணெய், சன்ஸ்கிரீன், அல்வாத் துண்டு எடுத்த கை... எல்லாம் நேரா கல்லோட அடிப்பக்கம் போய் உக்காரும். அடியில எண்ணெய்ப் படலம் இருந்தா அந்த எதிரொளிப்பு கெடும், கல்லு மங்கும். வெதுவெதுப்பான தண்ணி, கொஞ்சம் பாத்திரம் கழுவுற சோப்பு, மென்மையான பழைய பிரஷ். வாரத்துக்கு ஒரு தடவை போதும். சிங்க் ஓட்டையை அடைச்சுட்டுக் கழுவுங்க!

18/
தோலு. மோதிரத்துக்கு அடியில அரிப்பு, சிவப்பு, தோல் உரியுறதுன்னு வர்றவங்க நிறைய. ரெண்டு காரணம். ஒண்ணு, சோப்புத் தண்ணி அடியில தேங்கி ஊறுறது. அகலமான வளையம், கல்லுக்கு அடியில குழி இருக்கிற செட்டிங்ல இது அதிகம். கழட்டிக் காய வச்சாலே பாதி சரியாகும்.

ரெண்டாவது, நிக்கல் அலர்ஜி. கவரிங் தோடு போட்டா காது புண்ணாகுற ஆளா நீங்க? அப்போ வெள்ளைத் தங்கம் எடுக்கும்போது நிக்கல் கலந்திருக்கான்னு கேளுங்க. மேல பூசின ரோடியம் தேய்ஞ்சதும் உள்ளே இருக்கிறது தோல்ல படும். மஞ்சள் தங்கமோ பிளாட்டினமோ பொதுவா நிம்மதி.

19/
கடைக்கு நாங்க நாலு பேர் போனோம்: அக்கா, அவ, மாப்பிள்ளையோட அம்மா, நான். அந்த வாட்சப் டிசைனை எடுத்து வச்சாங்க. அவ ஹேண்ட்பேக்கைத் திறந்து ஒரு ஜோடி கையுறையை எடுத்தா. விற்பனைப் பொண்ணு முழிக்குது. மோதிரத்தைப் போட்டு மேல கையுறையை இழுத்தா. ரெண்டாவது இழுப்புல நகம் கிழிச்சுக்கிட்டு வெளியே வந்துச்சு.

யாரும் பேசல. அவதான் பேசினா. "அத்தை, நீங்க எடுத்தது ரொம்ப அழகா இருக்கு. ஆனா இதைப் போட்டா நான் தினமும் கழட்டித்தான் வைக்கணும். நீங்க வாங்கித் தந்ததை நான் பெட்டியில வைக்க வேண்டாம்னு பார்க்கேன்."

20/
அந்தம்மா கொஞ்ச நேரம் அந்தக் கிழிஞ்ச கையுறையையே பார்த்தாங்க. "பெசல்னா கல்லு சின்னதாத் தெரியுமேம்மா"ன்னாங்க. தெரியும், உண்மைதான். கரை ஒரு ஓரத்தை மறைக்கும். முகம் கொஞ்சம் வாடிச்சு. அப்புறம் அவங்களே தன் காதைத் தொட்டுக் காட்டி, "இதுவும் கரை வச்சதுதான். எங்கம்மா போட்டது"ன்னு சொன்னாங்க.

எடுத்தது: தாழ்வான பெசல், வட்டக் கல்லு, 18 கேரட் மஞ்சள் தங்கம், பின்பக்கம் திறப்பு, வளையம் வெறும் தங்கம். கன்னு இழுக்கிற நாள்ல அதுவும் கழுத்துச் சங்கிலிக்குப் போயிரும். அதை அவ கடையிலேயே சொல்லிட்டா. என்னைக் கேட்டா, அன்னைக்கு முடிவானதுல அதுதான் பெரிசு.

21/
எங்க ஆளுங்களுக்கு: உலக சுகாதார நிறுவனத்தோட 2009 கை சுகாதார வழிகாட்டுதல், நோயாளியைப் பார்க்கும்போது மோதிரமே வேண்டாம்னுதான் சொல்லுது. வழக்கம் கட்டாயம்னா சாதாரண வேலைக்குக் கல்லில்லாத வளையம் வரைக்கும் சரி, தியேட்டர்ல அதுவும் கூடாது. அடியில கிருமி தங்கும். நர்ஸ், டாக்டர் மருமகளுக்கு மோதிரம் எடுக்கிற வீடுகள் இதை முன்னமே தெரிஞ்சுக்கோங்க. டியூட்டியில விரல் வெறுமையா இருந்தா அது அவமரியாதை இல்ல.

22/
கடையில கேட்க வேண்டியது:
• அளவு சாயங்காலம் எடுங்க. ஏசிக்குள்ள விரல் சுருங்கும், பாளையங்கோட்டை வெயில்ல விரியும்.
• முட்டியைக் கொஞ்சம் முயற்சியோட தாண்டணும், அடியில இறுகக்கூடாது.
• துப்பட்டா மேல தேய்ச்சுப் பாருங்க. நூல் இழுக்குதா?
• கைப்பையில, ஜீன்ஸ் பாக்கெட்ல கையை விட்டு எடுங்க.
• 18 கேரட்னா 750 முத்திரை, கூட ஆறு எழுத்து எண் கலந்த ஹெச்யூஐடி. 2023 ஏப்ரல் 1 முதல் ஹால்மார்க் நகையை ஹெச்யூஐடி இல்லாம விக்கக்கூடாது.
• பின்னால பெருசாக்க முடியுமா? கேட்டு பில்லுல எழுதி வாங்குங்க.

23/
வாங்கினப்புறம்: ஆறு மாசத்துக்கு ஒரு தடவை நகம், கரை எல்லாம் சரியா இருக்கான்னு காட்டுங்க. காதுகிட்ட வச்சுத் தட்டினா 'டிக் டிக்'னு கேட்டா கல்லு ஆடுது.

குற்றாலம், குறுக்குத்துறைன்னு குளிக்கப் போகும்போது கழட்டிட்டுப் போங்க. எண்ணெய் தேய்ச்ச விரல், குளிர்ந்த தண்ணி, விரல் சுருங்கும், மோதிரம் வழுக்கும். ஆத்துக்குள்ள போனது திரும்பாது. ஜிம், சுவர் ஏறுறது, சுமை தூக்குறதுக்கும் அதே விதி.

கர்ப்பமா இருக்கீங்களா? ஏழாவது மாசம் வாக்குல, மோதிரம் சுலபமா கழலும்போதே கழட்டிச் சங்கிலியில போடுங்க. பிரசவ வலியோட வந்து நூல் சுத்த வேண்டாம்.

24/
கடைசியா, மோதிரம் மாட்டிக்கிச்சுன்னா: கையை நெஞ்சுக்கு மேல தூக்குங்க, குளிர்ந்த தண்ணியில வைங்க, சோப்போ எண்ணெயோ தடவி மெதுவாத் திருகி எடுங்க. பலமா இழுக்காதீங்க, வீக்கம் கூடும். விரல் நீலமானா, வெளிறினா, மரத்துப்போனா, வலி ஏறினா நேரா கேஷுவல்டி.

"அறுக்காதீங்க டாக்டர், நிச்சய மோதிரம், அபசகுனம்"னு அழுதவங்க உண்டு. அறுத்த மோதிரத்தை ஆசாரி ஒரே நாள்ல ஒட்டிக் கொடுத்துருவார். விரலுக்கு அப்படி ஒரு ஆசாரி கிடையாது.

கேள்வி இருந்தா கீழே கேளுங்க. நிச்சயம் பேசிட்டு இருக்கிற வீட்டுக்கு இதை அனுப்புங்க. முக்கியமா, மோதிரம் போடப்போற பிள்ளைகிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டுக் கடைக்குப் போங்க.